ஓ.பி. சீட்டு இல்லாத நோயாளிகள்

அரசு மருத்துவமனையில் ஒருவர் நோயாளியாவதற்கு முதல் தேவை ஓ.பி. சீட்டு. பெயர், வயது, ஊர், பிரிவு ஆகியவை அதில் ஏறிய பின்னரே அவருடைய வலி மருத்துவத்தின் கண்ணுக்குத் தெரியத் தொடங்குகிறது. அந்தச் சீட்டை வாங்க அஞ்சும் ஒரு கூட்டம் அதே கட்டடத்துக்குள் இரவும் பகலும் நடமாடிக்கொண்டிருக்கிறது. மருத்துவருக்கு டெங்கு வந்தால் சிக்கல் இல்லை. உடன் பணிபுரிவோர் ஓடிவந்து ரத்தம் எடுப்பார்கள், ட்ரிப் ஏற்றுவார்கள், விடுதியிலிருந்து கஞ்சி கொண்டுவருவார்கள். மனச்சோர்வு வந்தால், பதற்ற நோய் வந்தால், அப்படிப் படுத்துக்கொள்ள அங்கே ஒரு கட்டில் கிடையாது.

தேசிய மருத்துவ ஆணையம் மருத்துவ மாணவர்களின் மனநலம் குறித்து ஆராய அமைத்த பணிக்குழு 2024இல் தன் அறிக்கையை அளித்தது. இணையவழிக் கணக்கெடுப்பில் 25,590 இளநிலை மாணவர்களும் 5,337 முதுநிலை மாணவர்களும் பங்கேற்றிருந்தனர். செய்தித்தாள்கள் அதிலிருந்து தனித்தனி எண்களை எடுத்துத் தலைப்பாக்கின. இரண்டு எண்களை அருகருகே வைத்துப் பார்ப்பதே பயனுடையது. தமக்கு மனநலக் கோளாறு இருப்பதாகத் தெரிவித்தவர்கள் இளநிலையில் 27.8 விழுக்காடு, முதுநிலையில் 15.3 விழுக்காடு. தம்மைத் தாமே மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வந்ததாகச் சொன்னவர்கள் இளநிலையில் 16.2 விழுக்காடு, முதுநிலையில் ஏறத்தாழ 31 விழுக்காடு. விருப்பமுள்ளோர் மட்டும் விடையளித்த கணக்கெடுப்பு என்பதால் இவற்றை நாடு முழுமைக்குமான நோய்ப் பரவல் எனக் கொள்ளக் கூடாது. ஆனால் ஒரே கணக்கெடுப்புக்குள் இந்த விகிதம் தலைகீழாவது புறந்தள்ளக் கூடிய செய்தியன்று. மருத்துவம் கூடுதலாகக் கற்றவர்களிடம் துயரம் இரு மடங்காகிறது. அதை நோய் என்று பெயரிட்டுச் சொல்வது மட்டும் பாதியாகக் குறைகிறது.

இந்த இடைவெளிக்குள் ஒருவரை நிறுத்திப் பார்க்கலாம். திருநெல்வேலி மாவட்டத்திலிருந்து அகில இந்திய ஒதுக்கீட்டில் வட மாநில அரசுக் கல்லூரி ஒன்றில் பொது மருத்துவம் பயில வந்த முதலாண்டு மாணவர் என்று வைத்துக்கொள்ளலாம். அவருக்கு எந்தத் தனித்தன்மையும் வேண்டியதில்லை; அவரைப் போன்றோர் எல்லாக் கல்லூரிகளிலும் இருக்கின்றனர். வார்டில் காலை ரவுண்ட்ஸுக்கு முன்பே முப்பது பேருக்கு ரத்தம் எடுத்திருக்க வேண்டும். குழாய்களில் பெயர் ஒட்டி ஆய்வகத்துக்குத் தாமே சுமந்துசெல்ல வேண்டும். ஸ்கேன் தேதிக்காக இன்னொரு துறையின் வாசலில் கெஞ்சி நிற்க வேண்டும். டிஸ்சார்ஜ் சம்மரி எழுத வேண்டும். ரத்த வங்கியில் வாதாட வேண்டும். நள்ளிரவில் வந்த நோயாளியின் உறவினருக்கு அரைகுறை இந்தியில் நோயை விளக்க வேண்டும். 'எங்கே வலிக்கிறது', 'எத்தனை நாளாக' என்னும் இரண்டு கேள்விகளை அவர் முதல் வாரத்திலேயே அந்த மொழியில் கற்றுக்கொள்வார். தமக்கு என்ன நேர்கிறது என்று சொல்வதற்கான சொல் அந்த மொழியில் அவரிடம் கடைசிவரை இராது.

தமிழிலும் அந்தச் சொல் அவரிடம் இல்லை என்பது இன்னும் வியப்பானது. கிராமத்து நோயாளிக்கு 'மனசு சரியில்லை', 'நெஞ்சு படபடங்குது' என்று சொல்ல முடிகிறது. மருத்துவருக்கு வாய்த்ததெல்லாம் 'ஸ்ட்ரெஸ்' என்னும் ஒரே சொல். வண்டி பழுதானாலும் அதுதான், வாழ விருப்பமின்றிப் போனாலும் அதுதான். இரவு அம்மா தொலைபேசியில் 'சாப்பிட்டியாய்யா?' என்று கேட்பார். 'டியூட்டில இருக்கேம்மா' என்பது அவருடைய விடை. கேள்விக்கும் விடைக்கும் தொடர்பில்லை என்பது இருவருக்கும் தெரியும். ஊரில் முதல் டாக்டர் என்று தெருவே கொண்டாடிய பிள்ளையிடம் அதற்குமேல் கேட்க அம்மாவுக்குத் துணிவு வருவதில்லை.

மனச்சோர்வைக் கண்டறிய உலகெங்கும் பயன்படும் எளிய கருவிகளுள் ஒன்று, ஒன்பது கேள்விகள் கொண்ட பி.எச்.க்யூ-9 வினாப்பட்டியல். 2001இல் அதன் நம்பகத்தன்மை பற்றிய ஆய்வு வெளியானது முதல் மருத்துவ மாணவர்கள் அதை மனப்பாடமாக அறிவார்கள். கடந்த இரண்டு வாரங்களில் எத்தனை நாள் இவ்வாறு இருந்தது என்று ஒவ்வொரு கேள்வியும் கேட்கும். ஒவ்வொன்றுக்கும் சுழியம் முதல் மூன்று வரை மதிப்பெண், மொத்தம் 27. பத்தைத் தொட்டால் மேற்கொண்டு ஆராய வேண்டும். ஒன்பதில் நான்கு கேள்விகள் உறக்கம், களைப்பு, பசி, கவனம் பற்றியவை. வாரம் இருமுறை இரவு முழுதும் விழித்து, கிடைத்த நேரத்தில் பிஸ்கட் தின்று, பகலில் எழுத்துகள் கலங்கித் தெரிய கேஸ் ஷீட் எழுதும் ஒருவர் இந்த நான்கிலும் மும்மூன்று மதிப்பெண் பெற்றுவிடலாம். அதுவே பன்னிரண்டு. நோய் இல்லாமலேயே வரம்பு கடந்தாயிற்று.

மருத்துவரின் மனச்சோர்வு மறைந்துகொள்வது இந்தப் பன்னிரண்டுக்குப் பின்னால்தான். எல்லாவற்றுக்கும் காரணம் டியூட்டி என்று அவரே தமக்குச் சொல்லிக்கொள்கிறார். உடனிருப்போரும் அதையே சொல்கின்றனர். வேறுபடுத்திக் காட்டக்கூடியவை எஞ்சிய கேள்விகளே. விடுமுறை நாளில் முழுதாக உறங்கி எழுந்த பிறகும் எதிலும் நாட்டம் வரவில்லையா? தாம் தோற்றவர், பிறருக்குச் சுமை என்னும் எண்ணம் அகலவில்லையா? களைப்பு உறக்கத்துக்குப் பணியும், மனச்சோர்வு பணியாது. இந்த வேறுபாட்டை உரசிப் பார்க்க ஒரு முழு விடுமுறை நாளாவது வேண்டும். முதுநிலை மாணவர்களுள் பாதிக்கு மேற்பட்டோருக்கு வார விடுமுறை ஒழுங்காகக் கிடைப்பதில்லை என்று அதே பணிக்குழுவின் அறிக்கை சொல்கிறது. ஆக, நோயைக் கண்டறியும் சோதனைக்கே வாய்ப்பில்லை.

பதற்றத்தின் கதை வேறு வகையானது. மனச்சோர்வு மருத்துவமனையில் கவனிக்கப்படாமல் போகிறது, பதற்றமோ பாராட்டப்படுகிறது. விடுதிக்குத் திரும்பிப் படுத்த பின் நம் மாணவருக்கு ஓர் ஐயம் எழுகிறது: ஏழாம் கட்டிலுக்கு எழுதிய இன்சுலின் அளவு எட்டு அலகா, பதினெட்டா? வார்டுக்கு அழைக்கிறார். சரியாகத்தான் இருக்கிறது. பத்து நிமிடத்தில் பொட்டாசியம் அளவு நினைவுக்கு வருகிறது. மறுபடியும் அழைக்கிறார். மூன்றாம் முறை, பணியிலிருக்கும் கேரளத்துச் செவிலியர் அவர் கேட்கும் முன்பே அளவைச் சொல்லிவிடுகிறார். கைபேசி ஒலிக்காதபோதும் ஒலிப்பதாகக் கேட்கிறது. குளிக்கும்போதும் அதைச் சோப்புப் பெட்டியருகே வைத்துக்கொள்கிறார். மூத்தவர்கள் இதைக் கண்டு, 'மிகுந்த பொறுப்புள்ள பையன்' என்கின்றனர். பொறுப்புக்கும் நோய்க்கும் நடுவே ஓர் எல்லை உண்டு. சரிபார்த்த பின் மனம் அடங்குகிறதா என்பதே அது. அந்த எல்லையைத் தாண்டியவரால் யூனிட்டுக்கு எந்த இழப்பும் இல்லை, ஆதாயமே உண்டு. எனவே அதை யாரும் அவருக்குச் சுட்டிக்காட்டுவதில்லை.

மூத்த பேராசிரியர்களிடம் இதைப் பற்றிப் பேசினால் வரும் முதல் மறுப்பு, இன்றைய பிள்ளைகளுக்கு உறுதி போதாது என்பது. இது கருத்தாக மட்டும் இருந்தால் வாதிட்டுக்கொண்டே இருக்கலாம். சோதித்துப் பார்க்கவும் வழி இருந்தது. அமெரிக்காவில் ஸ்ரீஜன் சென் குழுவினர் பயிற்சி மருத்துவர்களைப் பணியில் சேருமுன்பே வினாப்பட்டியலால் அளந்து, பின் ஆண்டு முழுதும் அதே மனிதர்களை மீண்டும் மீண்டும் அளந்தனர். 2010இல் வெளியான அந்த ஆய்வில், தொடங்குமுன் மனச்சோர்வு வரம்பைத் தொட்டவர்கள் 3.9 விழுக்காடு, பயிற்சிக் காலத்தில் சராசரியாக 25.7 விழுக்காடு. ஆட்கள் மாறவில்லை, மாறியது அவர்கள் நுழைந்த இடம். 2015இல் பல நாடுகளின் 54 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோதும் பயிற்சி நிலை மருத்துவர்களிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ 28.8 விழுக்காடு எனத் தெரியவந்தது. பலவீனத்தை வீட்டிலிருந்து கொண்டுவந்தார்கள் என்ற வாதம் இங்கே நிற்பதில்லை. (பேராசிரியர்கள் இளமையில் பட்ட பாடு பொய்யென்று யாரும் சொல்லவில்லை. அதை அவர்கள் எப்படிக் கடந்தார்கள் என்பதற்கு, கடந்தவர்கள் மட்டுமே இன்று சாட்சி சொல்ல இருக்கிறார்கள் என்பதுதான் இடர்ப்பாடு.)

அந்த இடத்தின் அளவுகள் எவை என்பதற்கு இந்தியாவில் எழுத்துச் சான்று உண்டு. உச்ச நீதிமன்ற வழிகாட்டுதலின் பேரில் 1992 ஜூன் மாதம் நடுவண் சுகாதார அமைச்சகம் வெளியிட்ட ஆணை, இளநிலை ரெசிடென்ட் மருத்துவர் வழக்கமாக வாரத்துக்கு 48 மணிநேரம் பணியாற்ற வேண்டும், ஒரே மூச்சில் 12 மணிநேரத்துக்கு மேல் கூடாது என்றது. 2023ஆம் ஆண்டின் முதுநிலை மருத்துவக் கல்வி ஒழுங்குமுறை விதிகள் மணிக்கணக்கைச் சொல்லவில்லை. 'நியாயமான பணிநேரம்' என்று சொல்லி நிறுத்திக்கொண்டன. 2024இன் பணிக்குழு, மாணவர்களின் மனநலத்தைக் காப்பதற்காகப் பரிந்துரைத்த உச்ச வரம்பு 74 மணிநேரம்: ஒரு 24 மணிநேரப் பணி, ஐந்து நாள் பத்துப் பத்து மணிநேரம், ஒரு நாள் ஓய்வு. இந்த மூன்று எண்களையும் வரிசையில் வைத்துப் படிக்கும் வரலாற்று மாணவர் எவரும் புன்னகைக்கக் கூடும். முப்பத்திரண்டு ஆண்டுகளில் இரக்கத்தின் அளவு 26 மணிநேரம் கூடியிருக்கிறது. ஆயினும் 74 என்பதும் இன்று பலருக்கு எட்டாத சலுகை என்பதால்தான் அதைப் பரிந்துரையாக எழுத வேண்டியிருந்தது.

ஆள் குறைந்தால் என்ன ஆகும் என்பதை 2021 காட்டியது. முதுநிலை நுழைவுத் தேர்வு தள்ளிப்போய் செப்டம்பரில் நடந்தது. இட ஒதுக்கீட்டு வழக்கால் கலந்தாய்வு 2022 ஜனவரி வரை தொடங்கவில்லை. கொரோனாவின் இரண்டாம் அலையைத் தாங்கி முடித்த கையோடு, மூன்று ஆண்டு மாணவர்கள் பகிர வேண்டிய வேலையை இரண்டு ஆண்டு மாணவர்கள் சுமந்தனர். டிசம்பரில் தில்லியில் மருத்துவர்கள் தெருவுக்கு வந்தபோது, சம்பளத்தை உயர்த்து என்று கேட்கவில்லை. எங்களுக்குப் பின் வர வேண்டியவர்களை அனுப்புங்கள் என்பதே அவர்களுடைய கோரிக்கை. ஒரு மருத்துவமனை எதன் மேல் நிற்கிறது என்பதை இதைவிடத் தெளிவாகச் சொல்ல முடியாது.

இந்த ஏற்பாட்டில் ஒருவர் சிகிச்சைக்காக ஒரு மாதம் விலகினால் என்ன நேரும்? விதிப்படி, அனுமதித்ததற்கு மேல் எடுத்த விடுப்பு நாள்கள் அளவுக்குப் படிப்பு நீளும். அது சிறிய இழப்பு. பெரிய தடை வேறு. அவர் விட்டுச்செல்லும் ஒவ்வோர் இரவையும், ஏற்கெனவே உறங்காத மற்றொருவர் ஏற்க வேண்டும். அந்த மற்றொருவர் யாரோ அல்லர், அறைத் தோழர். கொடிய துறைத் தலைவரைவிட நல்ல நண்பர்தான் நோயாளியை விடுப்புக் கேட்கவிடாமல் தடுக்கிறார், அதுவும் ஒரு சொல் பேசாமல். பிறருக்குச் சுமையாகிறேன் என்னும் எண்ணம் மனச்சோர்வின் அறிகுறி என்று பாடநூல் சொல்லும். இங்கே அந்த எண்ணம் டியூட்டி ரோஸ்டரில் கணக்காகவே எழுதப்பட்டிருக்கிறது. பிரமை என்று அதைத் தள்ள எந்த மனநல மருத்துவராலும் இயலாது.

அடியோடு விலகிவிடலாம் என்றாலும் வாசலில் பணம் கேட்கிறார்கள். பல மாநிலங்களில் இடையில் படிப்பைக் கைவிடுவோர் இலட்சக்கணக்கில் ஈட்டுத்தொகை செலுத்த வேண்டும். ஆணையம் வெளியிட்ட விவரப்படி, ஐந்து ஆண்டுக் காலத்தில் 122 மருத்துவ மாணவர்கள் தம்மை மாய்த்துக்கொண்டனர். அவர்களில் 58 பேர் முதுநிலையினர். அதே காலத்தில் படிப்பைக் கைவிட்ட 1,270 பேரில் 1,117 பேர் முதுநிலையினர். எந்த விலை கொடுத்தேனும் வெளியேறியவர்கள் இவர்கள். வெளியேற வசதியில்லாதவர்களுக்குப் பட்டியல் ஏதும் இல்லை. 2024 ஜனவரியில் ஆணையமே மாநிலங்களுக்குக் கடிதம் எழுதி, இந்த ஈட்டுத்தொகை முறையைக் கைவிடும்படி கேட்டுக்கொண்டது.

சிகிச்சை கைக்கெட்டும் தூரத்தில்தானே இருக்கிறது என்று வெளியில் இருப்போர் கேட்பதுண்டு. இருக்கிறது; சங்கடமே அதுதான். மனநலப் பிரிவு அடுத்த கட்டடத்தில் இருக்கிறது. அங்கே முதலில் குறிப்பெடுப்பவர் விடுதியில் எதிர் அறைக்காரர். மருந்து எழுதினால் அதே வளாகத்து மருந்தகத்தில் வாங்க வேண்டும். அடுத்த ஆண்டு தேர்வு எடுக்கப்போகிறவரும், பரிந்துரைக் கடிதம் தரப்போகிறவரும் அந்த வராந்தாவில்தான் நடக்கிறார்கள். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் நோய் விவரங்களின் இரகசியத்தை நோயாளியின் உரிமையாக்கியிருக்கிறது. சட்டம் கோப்பைக் காக்கும். வராந்தாவில் எதிர்ப்பட்ட கண்களை அது என்ன செய்யும்? 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட டெலி-மானஸ் சேவையின் 14416 என்னும் எண்ணை இந்த மருத்துவர்கள் நாள்தோறும் நோயாளிகளுக்கு எழுதித் தருகின்றனர். அது தமக்கும் உரியது என்பது எத்தனை பேருக்குத் தோன்றியிருக்கும்? வளாகத்துக்கு வெளியே, வேறொரு நிறுவனத்தில் சிகிச்சை பெற ஏற்பாடும் அதற்கென்று கேள்வி கேட்கப்படாத நேரமும் தருவது பெரும் செலவன்று. யோகா அமர்வுக்கு அரங்கை அலங்கரிப்பதைவிடக் குறைவாகவே ஆகும்.

யோகாவைக் குறை சொல்ல வேண்டியதில்லை. முப்பத்தாறு மணிநேரம் நின்றவரை ஞாயிறு காலை ஏழு மணிக்கு அதற்கு வரச்சொல்லி வருகைப்பதிவு எடுப்பதைத்தான் சொல்ல வேண்டும். 'மீண்டெழும் ஆற்றல்' என்ற சொல் கல்லூரிச் சுற்றறிக்கைகளில் நுழைந்த பிறகு, வீழ்த்தியது எது என்னும் கேள்வி அவற்றிலிருந்து மறைந்துவிட்டது. உலக சுகாதார நிறுவனம் ஐ.சி.டி.-11 வகைப்பாட்டில் பணிச்சோர்வை நோய்களின் கீழ் வைக்காமல், பணியிடம் சார்ந்த நிகழ்வாக வைத்தது. பொறுப்பைப் பணியிடத்தின் மீது சுமத்தும் வகைப்பாடு அது. நடைமுறையில் அதுவும் இன்னொரு திரையாகிவிட்டது. 'பர்ன்அவுட்' என்றால் மதிப்புக் குறைவில்லை, உழைப்பின் தழும்பு போல ஒலிக்கிறது. ஆகவே மாத்திரை தேவைப்படும் மனச்சோர்வும் அந்தப் பெயரிலேயே உலவுகிறது.

மாத்திரையால் தீராதவையும் உண்டு. 2019 மே மாதம் மும்பையில் மகப்பேறு மருத்துவ முதுநிலை மாணவி பாயல் தட்வி உயிரிழந்தார். பழங்குடிச் சமூகத்தவரான அவரை மூத்த மாணவிகள் சாதியைச் சொல்லி இழிவுபடுத்தினர் என்பது குடும்பத்தின் குற்றச்சாட்டு. வழக்கு நீதிமன்றம் சென்றது. இத்தகைய மரணத்தை 'மன அழுத்தம்' என்ற பொதுப்பெயரில் சேர்ப்பது குற்றத்தை நோயாக மாற்றும் வேலை. 2024 ஆகஸ்டில் கொல்கத்தாவில் நீண்ட பணிக்கு நடுவே கருத்தரங்க அறையில் ஓய்வெடுக்கச் சென்ற இளம் மருத்துவர் வன்கொடுமைக்குள்ளாகிக் கொல்லப்பட்ட பிறகு, நாடெங்கும் இரவுப்பணிப் பெண் மருத்துவர்களுக்கு வந்த அச்சமும் அப்படியே. அது கோளாறன்று, சரியான கணிப்பு. கதவுக்குத் தாழ்ப்பாள் வைப்பதுதான் அதற்குச் சிகிச்சை.

இன்னொரு துயரத்துக்குத் தாழ்ப்பாளும் உதவாது. 2000ஆம் ஆண்டில் ஆல்பர்ட் வூ என்னும் அமெரிக்க மருத்துவர், சிகிச்சைப் பிழையில் நோயாளிக்கு அடுத்து உடைந்துபோகும் மருத்துவரை 'இரண்டாம் பாதிக்கப்பட்டவர்' என்று அழைத்தார். அந்தச் சொல் சிலருக்குப் பிடிக்கவில்லை. இறந்தவரின் குடும்பத்தருகே மருத்துவரையும் பாதிக்கப்பட்டவராக நிறுத்துவது தகாது என்பது அவர்களின் வாதம். அதில் நியாயம் இருக்கிறது. ஆனால் பெயர் எதுவாயினும் அந்த மனிதர் இருக்கிறார். மாதந்தோறும் இறப்புகளை ஆராயும் கூட்டத்தில் அவர் எழுந்து நின்று நேரம், அளவு, மருந்து எல்லாம் தடுமாறாமல் வாசிக்கிறார். எந்தக் கட்டத்தில் என்ன செய்திருக்கலாம் என்று ஐந்து பேர் சொல்கின்றனர், அவர் குறித்துக்கொள்கிறார். அன்றிரவு உறங்கினாரா என்பது கூட்டத்தின் பொருளடக்கத்தில் இல்லை. அவருக்கு மறுநாள் காலை அதே வார்டு, பல வேளைகளில் அதே கட்டில், வேறு நோயாளி.

இவ்வளவுக்கும் நடுவே எங்கேயும் எழுதப்படாத ஒரு வழக்கம் பல விடுதிகளில் இருக்கிறது. சில வாரங்களாக ஒருவர் உணவுக்கூடத்துக்கு வருவதில்லை, எதற்கும் சிரிப்பதில்லை, நோயாளியின் உறவினரிடம் காரணமின்றி எரிந்துவிழுகிறார் என்பதை முதலில் கவனிப்பவர் பெரும்பாலும் மூன்றாம் ஆண்டு மாணவர். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அந்த அறையில் அப்படிக் கிடந்தவராகவும் அவர் இருக்கக் கூடும். ஒரு மாலை வந்து, கைபேசியை வாங்கித் தம் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, 'படு, நான் பார்த்துக்கிறேன்' என்கிறார். பின் ஒரு நாள் நகரின் மறுகோடியில், இருவரையும் அறியாத ஒரு மருத்துவரிடம் அழைத்துச்செல்கிறார். வெளியே பெஞ்சில் காத்திருக்கிறார். அந்த வாரத்து டியூட்டி ரோஸ்டரில் மூன்று கட்டங்களில் ஒரு பெயர் அடிக்கப்பட்டு, வேறொரு கையெழுத்தில் இன்னொரு பெயர் எழுதப்பட்டிருக்கும். காரணம் கேட்டால், 'ஊருக்குப் போயிருக்கான் சார்' என்பார்கள்.